வெள்ளிங்கிரி ஏழு மலை: 61 வயசு அப்பாவ கூட்டிட்டு போலாமா?

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

வணக்கம் மக்களே, இங்க நெறைய பேர் வெள்ளிங்கிரி ஏறுனவங்க இருப்பீங்கன்னு நம்பி கேக்குறேன். நான் கோயம்புத்தூர்ல ஐடி வேலை, வயசு 34, ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரோட வர்ற பிப்ரவரி கடைசில ஏறலாம்னு பிளான். ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பிச்சு விடிகாலைல உச்சில சூரியன பாத்துட்டு மதியம் கீழ வந்து நல்லா ஒரு சாப்பாடு சாப்பிட்டுட்டு வீடு, அவ்ளோதான் பிளான். இதுவரைக்கும் பிரச்சனை இல்ல.

பிரச்சனை என்னன்னா, இத போன்ல பேசிட்டிருந்தத எங்கப்பா கேட்டுட்டாரு. "நானும் வரேன்"னு ஒரே புடி. கோபிச்செட்டிபாளையம் பக்கம் விவசாயம் பாத்தவரு, இப்ப ரெண்டு வருசமா எங்ககூட இருக்காரு. வயசு 61. சுகர் ஒம்போது வருசமா இருக்கு மாத்திர மட்டும்தான் ஊசி இல்ல, பிபி மாத்திரையும் ஒண்ணு போடுறாரு. காலைல ஒரு மணி நேரம் நடப்பாரு ஆனா அது நம்ம லேஅவுட் ரோடு, மலை இல்ல. சின்ன வயசுல அவங்க தாத்தாகூட ஏறுறதா இருந்து அந்த வருசம் ஊர்ல ஏதோ காரியம் ஆகி போக முடியாம போச்சாம், அப்பலேருந்து மனசுல இருக்குன்னு இப்பதான் சொல்றாரு, 34 வருசத்துல ஒரு தடவ கூட இத சொன்னதில்ல.

அம்மா வேணாங்குறாங்க. எனக்கு வேணாம்னு சொல்லவும் மனசு வரல, வான்னு சொல்லவும் பயமா இருக்கு. எவ்ளோ கஷ்டம்னு நேரா சொல்லுங்க, யூடியூப்ல பாத்தா எல்லாரும் சிரிச்சுகிட்டே ஏறுறாங்க.

கம்பூன்றி

தம்பி நான் இதுவரைக்கும் 11 தடவ ஏறியிருக்கேனுங்க, அதுல ஒரு தடவ பாதில திரும்புனது, அதையும் சேத்துதான் கணக்கு.

யூடியூப்ல சிரிக்கிறவங்க, மொத மலை முடியுற எடத்துல இருக்கற வெள்ளை விநாயகர் கோயிலுக்கு முன்னாடி எடுத்த வீடியோவா இல்ல பின்னாடி எடுத்ததான்னு பாருங்க. மொத மலை முழுக்க கல்லு படிங்க. படின்னா மருதமலை படி மாதிரி அளவா இருக்காது, ஒண்ணு அரை அடி, அடுத்தது முட்டி உசரம், காலு ஒரு தாளத்துக்கு வரவே வராது. அடர்ந்த காடு, காத்து அசையாது, வேர்த்து ஊத்தும். புதுசா வர்றவங்க பாதிப்பேர் இங்கயேதான் "என்ன கெரகத்துக்கு வந்தோம்"னு நெனைப்பாங்க. அந்த மொத மலைய நிதானமா முடிச்சுட்டீங்கன்னா மீதிக்கு நம்பிக்கை வந்துரும்.

அப்புறம் வழுக்குப்பாறை வரும், பாறைலயே படி வெட்டியிருப்பாங்க, காஞ்சு இருந்தா பயமில்ல, பனியோ தூறலோ விழுந்துச்சுன்னா பதனமா கால வெக்கணும். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, இதெல்லாம் தாண்டி நாலாவது மலைல ஒட்டன் சமாதி. இங்கிருந்து கொஞ்சம் சமதரையா இருக்கும், மரம் கொறஞ்சு புல்லு மேடா மாறும், காத்து ஆரம்பிக்கும். அஞ்சாவது மலைல பீமன் களியுருண்டைன்னு பெரிய பெரிய பாறை. ஆறாவதுல இறங்குனா ஆண்டி சுனை, தண்ணி ஐஸு மாதிரி இருக்கும், அதுல முங்கி எந்திரிச்சுட்டுதான் ஏழாவது ஏறுவாங்க. அந்த ஏழாவது இருக்கே, அது நெட்டுக்குத்தா ஒரே ஏத்தம், காலு ஓஞ்சு போனதுக்கப்புறம் வர்ற ஏத்தம். மேல பாறை இடுக்குல சுயம்பு லிங்கமா வெள்ளிங்கிரி ஆண்டவரு.

தூரம் ஒரு பக்கம் ஆறு கிலோமீட்டர் கிட்டத்தானுங்க. ஆறு கிலோமீட்டரான்னு சிரிக்காதீங்க, அதுக்குள்ள 4000 அடி ஒசரம் ஏறணும். பாதை மேல ஏறிட்டே மட்டும் போகாது, நடுவுல எறக்கமும் வரும், ஏறி சம்பாதிச்சத எறங்கி தொலைச்சுட்டு மறுபடி ஏறணும், திரும்பி வர்றப்ப அந்த எறக்கமெல்லாம் ஏத்தமா நிக்கும். இத யாரும் சொல்ல மாட்டாங்க.

உங்க பிளான்ல தப்பு எங்கன்னா டைம். நீங்க மூணு பேரு இளவட்டம் நாலு அஞ்சு மணி நேரத்துல ஏறிருவீங்க. அப்பாவுக்கு ஏழு எட்டு மணி நேரம் வெச்சுக்கங்க. சூரியன் உதிக்கிறதுக்குள்ள உச்சிக்கு போயே ஆகணும்னு நெனச்சீங்கன்னா அங்கதான் அவர தொரத்துவீங்க, தொரத்துனா மூச்சு வாங்கும். சூரியன் எந்த மலைல இருந்து பாத்தாலும் சூரியன்தான்.

அப்புறம் மேல இருந்து எறங்குற சாமிங்க எல்லாரும் "அவ்ளோதான் சாமி, வந்தாச்சு சாமி, இன்னும் சித்த நேரந்தான்"னு சொல்வாங்க. மூணாவது மலைலயே சொல்வாங்க. அத மட்டும் நம்பாதீங்க. நானும் எறங்கும்போது அதத்தான் சொல்லியிருக்கேன், சொல்லாம இருக்க முடியாது.

டீகிளாஸ்

61 வயசு + சுகர் + பிபி. இதுக்கு ஒரு திரெட் வேறயா. பூண்டி கோயில்ல அடிவாரத்துலயே ஆண்டவர் இருக்காரு, அங்க கூட்டிட்டு போய் கும்புட வெச்சு கூட்டிட்டு வாங்க.

முட்டிவலி_அக்கா

நான் பிசியோதெரபிஸ்ட். மொதல்லயே சொல்லிடுறேன் நான் அந்த மலை ஏறுனதில்ல, என் வயசு பொம்பளைங்கள அங்க ஏத்துறதில்ல, வழக்கம் அப்படின்னு சொல்றாங்க, அது ஒரு தனி சண்டை இங்க வேணாம். ஆனா ஏறிட்டு வந்தவங்க முட்டிய பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் நான்தான் பாத்துட்டிருக்கேன், அதனால எனக்கு பேச உரிமை இருக்கு.

எல்லாரும் ஏறுறத பத்தியே பேசுறீங்க. என்கிட்ட வர்றவங்க யாரும் ஏறும்போது அடிபட்டவங்க இல்ல. ஏறும்போது தொடை தசை சுருங்கி வேலை செய்யும், அதுல மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது அதே தசை நீண்டுகிட்டே உங்க மொத்த எடையையும் பிரேக் புடிச்சு நிறுத்தணும், ஒவ்வொரு படிக்கும். ஆயிரக்கணக்குல பிரேக். அதுதான் தசைய கிழிக்கிற வேலை. அதனாலதான் அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டாவது நாள் காலைல கக்கூஸ்ல உக்கார முடியாம கத்துவாங்க. தசை ஓஞ்சு போச்சுன்னா பாரம் நேரா முட்டிக்கு போகும், கால் தானா நடுங்க ஆரம்பிக்கும், அப்பதான் தடுக்கி விழுறது.

இப்ப அப்பா விஷயம். வயச விடுங்க, வயல்ல வேலை செஞ்ச 61 வேற ஏசில உக்காந்த 34 வேற. எனக்கு உங்க மேலதான் பயம்.

சீரியஸா சொல்றேன், மொத வேலை ஒரு இதய டாக்டர பாத்து ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எடுங்க. சுகர் ரொம்ப வருசமா இருக்குறவங்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே இதயத்துல அடைப்பு இருக்கலாம், வெறும் மூச்சு வாங்கலாவும் அசதியாவும்தான் தெரியும், மலை ஏறுறப்ப மூச்சு வாங்குனா அது மலையா இதயமான்னு யாருக்கும் தெரியாது. டாக்டர் வேணாம்னா வேணாம்தான், அதுக்கு மேல இங்க வந்து ஓட்டெடுப்பு நடத்தாதீங்க.

மாத்திரை என்னன்னு பாருங்க. மெட்ஃபார்மின் மட்டும்னா சுகர் லோ ஆகுறது அபூர்வம். கூட கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது இருந்தா இவ்ளோ உழைப்புல லோ ஆகலாம், அன்னைக்கு டோஸ் என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, நீங்களா கொறைக்காதீங்க. விரதம்னு வெறும் வயித்துல ஏறக்கூடாது. குளுக்கோமீட்டர் பையில இருக்கட்டும்.

அப்புறம் பிராக்டிஸ். இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. மருதமலை படி 800 சொச்சம் இருக்கும், வாரத்துக்கு ரெண்டு நாள், ஏறிட்டு மினிபஸ்ல இறங்கி வர்றது பிராக்டிஸ் இல்ல, படியிலயே இறங்கணும். வீட்ல நாற்காலில உக்காந்து கைய ஊன்றாம எந்திரிக்கிறது, எந்திரிக்கிறத விட உக்காரும்போது மெதுவா, அஞ்சு எண்ணி உக்காரணும். பத்து பத்தா மூணு தடவ. நீங்களும் செய்யுங்க சார்.

கடைசியா ஒண்ணு, கால் நகத்த ரெண்டு நாள் முன்னாடி வெட்டிட்டு போங்க. ஏன்னு இறங்கும்போது தெரியும்.

பொள்ளாச்சி_மச்சான்

நான் பயமுறுத்தணும்னு சொல்லல, நடந்தத சொல்றேன். மூணு வருசம் முன்னாடி எங்க பெரிய மாமாவ கூட்டிட்டு போனோம், 57 வயசு, ஒரு வியாதி கெடையாது, மாத்திரையே போட்டதில்ல. அதுதான் தப்பு, வியாதி இல்லன்னு நெனச்சோம், டெஸ்டே பண்ணதில்லங்கறதுதான் உண்மை. நாங்க எட்டு பேர் குரூப். அவரு மூணாவது மலைலயே பேச்ச கொறச்சுட்டாரு. ஆனா கூட வர்ற பசங்களுக்கு தன்னால லேட் ஆகக்கூடாதுன்னு ஒண்ணும் சொல்லல. நாங்களும் அரோகரா போட்டு இழுத்துட்டே போனோம். நாலாவது தாண்டி திடீர்னு ஒரு பாறைல உக்காந்தாரு, மொகம் வெளுத்து சட்டை தண்ணில நனைச்ச மாதிரி வேர்வை, அந்த குளிர்ல வேர்வை. போன்ல டவர் இல்ல. ஒருத்தன் கீழ ஓடினான். டோலி வந்து அவர தூக்கி அடிவாரம் சேர்க்க விடிஞ்சு வெகு நேரம் ஆகிருச்சு. அந்த நேரம் பூரா பக்கத்துல நடந்து வந்தேன், மலைல ஆம்புலன்ஸ்னா மனுசன் தோள்தான்னு அன்னைக்கு தெரிஞ்சுது. பொழைச்சுட்டாரு, ஸ்டென்ட் வெச்சாங்க, இப்ப நல்லா இருக்காரு.

ஒவ்வொரு சீசன்லயும் மலை ஏறும்போது மூச்சுத்திணறி இறந்தாங்கன்னு பேப்பர்ல வருது, அதுல சின்ன வயசு பசங்களும் இருக்காங்க. இதய நோய், ஆஸ்துமா, சுகர், பிபி இருக்கறவங்க ஏற வேணாம்னு அறிவிப்பே குடுக்குறாங்க.

போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பா "எனக்கு முடியல"ன்னு வாய தொறந்து சொல்லுவாருன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. அந்த தலைமுறை சொல்லாது.

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

எல்லாருக்கும் நன்றி. மச்சான் உங்க கடைசி வரி ராத்திரி தூங்க விடல, எங்கப்பா பல்லு வலியவே மூணு மாசம் மறைச்சவரு.

டீகிளாஸ், உங்க யோசனைய அப்பாகிட்ட சொன்னேன், "அடிவாரத்துல கும்புடறதுக்கு நான் ஏன் உன்கூட வரணும், டவுன் பஸ்ல நானே போவேன்"னாரு.

டாக்டர பாத்தோம். டிரெட்மில்ல அப்பா ஒம்போது நிமிசம் ஓடி முடிச்சுட்டு "அவ்ளோதானா"ன்னு கேட்டாரு. டாக்டர் போலாம்னு சொல்லல, போகக்கூடாதுன்னும் சொல்லல, அவசரப்படாம போங்க, நெஞ்சு கனம், தாடை வலி, தலை சுத்தல் எது வந்தாலும் அந்த இடத்துலயே நிறுத்துங்கன்னாரு. மாத்திரைல கிளிமிபிரைடு இருக்கு, அன்னைக்கு மட்டும் அத மாத்தி குடுத்திருக்காரு.

மருதமலை ஆரம்பிச்சாச்சு. மொத நாள் நான் நாலு இடத்துல உக்காந்தேன். அப்பா ரெண்டு இடத்துல.

இப்ப சில்லறை சந்தேகங்கள். என்னென்ன எடுத்துட்டு போகணும்? வார நாளா ஞாயித்துக்கிழமையா? அப்பா செருப்பு இல்லாம ஏறணும்னு சொல்றாரு, நெறைய பேர் அப்படித்தான் ஏறுவாங்களாமே?

கம்பூன்றி

வார நாளுங்க, சந்தேகமே வேணாம். சனி ஞாயிறு, சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி இதெல்லாம் வரிசைல நின்னு ஏறணும், நமக்குன்னு ஒரு நடை இருக்காது, பின்னாடி இருக்கறவன் தள்ளுற நடைதான். சிவராத்திரிக்கு செம்மேடு ரோடே நகராது. காந்திபுரத்துல இருந்து பஸ்ஸு இருக்கு, பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியா பூண்டி, சிட்டில இருந்து 35 கிலோமீட்டர் கிட்ட. கார்ல போறதா இருந்தா எறங்குனதும் வண்டி ஓட்ட ஒருத்தர் தெம்பா வேணும், கிளட்ச்ச அமுக்க காலு வராது, சொல்றத கேளுங்க.

கம்பு கட்டாயம். அடிவாரத்துல மூங்கில் கம்பு விப்பாங்க, வாங்குனதும் தரைல நல்லா ஊன்றி ஒடம்பு எடைய போட்டு பாருங்க, கீறல் இருந்தா வேற எடுங்க. ஏறும்போது தோள்ல சும்மா கெடக்கும், எறங்கும்போது அதுதான் மூணாவது காலு. எங்க வீட்டு பூஜை ரூம்ல 11 கம்பு சாத்தி வெச்சிருக்கேன், வீட்டுக்காரி அடுப்பெரிக்கணும்னு நிக்கிறா.

டார்ச்சு நெத்தில கட்டுறது. கையில புடிக்கிறதுன்னா ஒரு கை வீணாப் போச்சு. செல்போன் டார்ச்ச நம்பாதீங்க. குல்லா, மப்ளர், ஒரு ஸ்வெட்டர், இத ஏறும்போது போடாதீங்க வேர்த்து நனைஞ்சுரும், பையில வெச்சிருந்து நாலாவது தாண்டி காத்து அடிக்கும்போது போடுங்க. மாத்து பனியன் ஒண்ணு. நனைஞ்ச பனியனோட மேல நின்னா பல்லு தந்தியடிக்கும்.

பிளாஸ்டிக்க அடிவாரத்துல செக் பண்ணுவாங்க, பிஸ்கட் கவர் சிப்ஸ் கவரெல்லாம் பிரிச்சு பேப்பர்ல மடிச்சு குடுத்துருவாங்க, தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி இருவது ரூவா வாங்குவாங்க நாங்க போனப்ப, திரும்ப வந்து பாட்டில காமிச்சா காசு தருவாங்க. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போயிட்டா சோலி முடிஞ்சுது. காடு போளுவாம்பட்டி ரேஞ்சு, யானை நடமாட்டம் இருக்கற எடம், அடிவாரத்துல பாதைய விட்டு ஒதுங்காதீங்க, ஒண்ணுக்கு போறதா இருந்தாலும் தனியா உள்ள போகாதீங்க. இந்த மலை நாலு மாசம் மட்டும் தொறக்கறதுக்கு காரணம் இருக்குங்க, மத்த நாளு அது அவங்க ஊரு.

வழில சீசன் கடைங்க இருக்கும், சுக்குக் காபி, எலுமிச்சை ஜூஸு கெடைக்கும், மேல போகப் போக வெல ஏறும். திட்டாதீங்க, அதெல்லாம் ஒருத்தன் தலைல தூக்கிட்டு வந்தது. கடலை மிட்டாய் நெறைய எடுத்துக்கங்க, அப்பாவுக்கு சுகர் எறங்குனா ஒடனே ஒண்ணு குடுத்துரலாம்.

செருப்பு பத்தி நான் சொல்லல, அக்கா சொல்லட்டும். நான் வெறுங்கால்லதான் ஏறுவேன்.

முட்டிவலி_அக்கா

அண்ணா உங்க 11 கம்புக்கு மரியாதை, ஆனா ரெண்டு விஷயத்துல குறுக்க வரேன்.

சுகர் லோ ஆனா கடலை மிட்டாய் குடுக்காதீங்க. கடலைல கொழுப்பு இருக்கு, சர்க்கரை ரத்தத்துக்கு போறத அது லேட் பண்ணும். கை நடுக்கம், திடீர் வேர்வை, பேச்சு கொழறல், காரணமில்லாம எரிஞ்சு விழுறது, இதுல எது வந்தாலும் டெஸ்ட் பண்ணுங்க, 70க்கு கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ் பவுடரோ மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணில கலக்கி குடுத்துட்டு 15 நிமிசம் உக்கார வெச்சு மறுபடி டெஸ்ட். அது ஏறினப்புறம் கடலை மிட்டாய் குடுங்க, அப்ப அது நல்லது, மறுபடி இறங்காம தாங்கும். டெஸ்ட் பண்ண நேரமில்ல, மெஷின் வேலை செய்யல, அப்படின்னா டெஸ்டுக்கு காத்திருக்காம குளுக்கோஸ் குடுத்துருங்க. இன்னொண்ணு, மலை இறங்கி வந்த அன்னைக்கு ராத்திரியும் சுகர் இறங்கலாம், படுக்கும்போது ஒரு தடவ பாருங்க.

வெறுங்கால், அப்பாவுக்கு கூடவே கூடாது. ஒம்போது வருச சுகர், பாதத்துல உணர்ச்சி எவ்ளோ இருக்குன்னு அவருக்கே தெரியாது. கல்லு குத்துனா நமக்கு வலிக்கும் அவருக்கு வலிக்காம போகலாம், ரெண்டு நாள் கழிச்சு சாக்ஸ்ல ரத்தத்த பாத்துதான் தெரியும், அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்கு. நல்லா பழகுன ஷூ, புது ஷூ இல்ல. சாமிக்கு செருப்பு கழட்டணும்னா உச்சில கழட்டட்டும்.

தண்ணியோட ஓஆர்எஸ் கலந்து குடிங்க, ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு, பாதி லிட்டர்ல கலக்காதீங்க. ஓஆர்எஸ்ல சர்க்கரை இருக்கேன்னு அப்பா கேப்பாரு, இந்த மாதிரி வேர்க்குற அன்னைக்கு பரவால்ல.

டீகிளாஸ்

நான் அன்னைக்கு கொஞ்சம் முரட்டுத்தனமா போட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பாவும் கேட்டாரு ஒரு காலத்துல, சபரிமலை. அடுத்த வருசம்னு சொன்னேன். சரி அத விடுங்க.

ஒரே ஒரு யோசனை. எந்த மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்னு கீழயே முடிவு பண்ணுங்க, மேல போய் முடிவு பண்ணாதீங்க. மேல போனா உச்சி கண்ணுக்கு தெரியும், தெரிஞ்சுட்டா ஒருத்தனுக்கும் புத்தி வேலை செய்யாது.

பொள்ளாச்சி_மச்சான்

இது சூப்பர். அத அப்பா வாயால சொல்ல வையுங்க. நீங்க சொன்னா அது மகன் போட்ட தடை, அவர் சொன்னா அவர் வார்த்தை, காப்பாத்துவாரு.

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

அப்டேட். போயிட்டு வந்தாச்சு, மூணு நாள் ஆச்சு, இப்பதான் சேர்ல உக்கார முடியுது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஏற ஆரம்பிச்சோம், சூரியன் பிளான தூக்கி போட்டாச்சு. காலைல எட்டரை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்புறதுன்னு பூண்டி கோயில் வாசல்ல அப்பாவே சொன்னாரு, நண்பர்கள் ரெண்டு பேரும் சாட்சி. அவங்கள அவங்க வேகத்துல போகச் சொல்லிட்டோம், நான் மட்டும் அப்பாகூட.

மொத மலை ரெண்டே கால் மணி நேரம். கம்பூன்றி அண்ணா சொன்னது அப்படியே. அப்பா ஒரு டெக்னிக் வெச்சிருந்தாரு, 20 படி எண்ணுவாரு, நிப்பாரு, மூச்சு அடங்குனதும் அடுத்த 20. சத்தமா எண்ணல, உதடு மட்டும் அசையும். பேச்ச கொறச்சுட்டா சந்தேகப்படுன்னு மச்சான் சொன்னாரேன்னு நான் நிமிசத்துக்கு ஒரு தடவ "அப்பா ஏதாவது பேசுங்க"ன்னு கேட்டுட்டே இருந்தேன், "எண்ணிக்கை தப்புது சும்மா வாடா"ன்னு திட்டு வாங்குனேன்.

வெள்ளை விநாயகர் கோயில்ல சுகர் பாத்தோம் 141. வழுக்குப்பாறை காஞ்சுதான் இருந்துச்சு. கைதட்டி சுனைல அப்பா நெஜமாவே கைய தட்டி பாத்தாரு. மரத்துக்கு நடுவுல தூரத்துல கோயம்புத்தூர் லைட்டு தெரிஞ்சுது, நெருப்பு கங்க வாரி எறைச்ச மாதிரி, அதுல நம்ம ஏரியா எதுன்னு ஒரு பத்து நிமிசம் சண்டை.

ஒட்டன் சமாதி தாண்டி புல்வெளி வந்தப்ப விடிஞ்சுது. சட்டுனு காத்து. ஸ்வெட்டர் போட்டுகிட்டு ஒரு பாறை மறைவுல உக்காந்து சுகர் பாத்தா 84. லோ இல்ல, ஆனா போற தெச சரியில்ல, கடலை மிட்டாய் குடுத்தேன், அக்கா சொன்ன வரிசைப்படி குளுக்கோஸ் டப்பாவ கைலயே வெச்சிருந்தேன். 20 நிமிசம் கழிச்சு 118. ஏறிருச்சு. அப்ப மணி ஏழே முக்கால். அஞ்சாவது மலை முன்னாடி நிக்குது. பீமன் களியுருண்டை வரைக்குமாவது போயிரலாம்னு நான்தான் சொன்னேன், ஆமா நான்தான், டீகிளாஸ் நீங்க சொன்னது எனக்குத்தான்னு அப்ப புரியல.

போனோம். அங்க போய் சேர்ந்தப்ப எட்டு இருவத்தஞ்சு. அப்பா கம்ப பாறைல சாத்திட்டு ஷூவ கழட்டுனாரு. சாக்ஸ கழட்டல, என்ன பாத்துட்டு "சாக்ஸ் இருக்கட்டும், உங்க அக்கா திட்டும்"னாரு. மேக்க பாத்து நின்னு ரெண்டு கையயும் தூக்கி கும்புட்டாரு. அப்புறம் வாட்ச பாத்தாரு, "எட்டரை ஆச்சு, வா"ன்னு ஷூவ மாட்டிகிட்டு என்னைய கேக்காமலே திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. நான்தான் மேல பாத்துகிட்டே நின்னேன்.

நண்பர்கள் உச்சிக்கு போய் திருநீறு கொண்டு வந்து குடுத்தாங்க. அப்பா நெத்தில பூசிகிட்டு மிச்சத்த மடிச்சு சட்டைப் பையில வெச்சுகிட்டாரு.

இறங்குறதுக்கு ஆறு மணி நேரம் ஆச்சு. மொத மலை படில எனக்கு கால் நடுங்குச்சு பாருங்க, தையல் மெஷின் மாதிரி. நாற்காலி எக்சர்சைஸ நான் ரெண்டு வாரத்துல விட்டுட்டேன், அப்பா விடல, அவ்ளோதான் சொல்வேன். கடைசி 200 படி நான் பக்கவாட்டுல திரும்பி நண்டு மாதிரி இறங்குனேன், வழில ஏறிட்டிருந்த ஒரு சாமி மூச்சு வாங்கிகிட்டே "இன்னும் எவ்ளோ தூரம் சாமி"ன்னு அப்பாகிட்ட கேட்டாரு. இவரு கூசாம "வந்தாச்சு சாமி, இன்னும் கொஞ்ச தூரம்தான்"னாரு. அவரு ஏற ஆரம்பிச்சதே அப்பதான்.

இப்ப அப்பா அடுத்த பிப்ரவரின்னு பேசிட்டிருக்காரு, மருதமலைய நிறுத்தல, இன்னைக்கு காலைலயும் போயிட்டு வந்தாரு. அம்மா என்கூட பேசுறதில்ல.

அக்கா ஒரு கேள்வி, எனக்கு ரெண்டு கால் கட்டை விரல் நகமும் கருப்பாயிடுச்சு. இது என்ன?

முட்டிவலி_அக்கா

நகம் வெட்டுனீங்களா?

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

அப்பா வெட்டுனாரு.

முட்டிவலி_அக்கா

இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் விரல் முன்னாடி வழுக்கி ஷூல இடிச்சிருக்கும், நகத்துக்கு அடில ரத்தம் கட்டியிருக்கு. புடுங்காதீங்க, குத்தாதீங்க, தானா விழுந்தா விழட்டும், அடில புது நகம் வரும், கட்டை விரல் நகம் முழுசா வளர ஒரு வருசத்துக்கு மேல ஆகும். விண்ணு விண்ணுன்னு தெறிச்சாலோ சீழ் வெச்சாலோ டாக்டர்கிட்ட போங்க. அடுத்த தடவ இறங்க ஆரம்பிக்கும்போது ஷூ லேஸ கணுக்கால் பக்கம் இறுக்கி கட்டுங்க, பாதம் முன்னாடி நகராது.

அப்பா பாதத்த ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல பாத்தாச்சா? விரல் இடுக்குல?

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

பாத்தாச்சுக்கா, ஒரு கீறல் இல்ல. என் கால பாத்து அவர்தான் சிரிச்சுட்டிருக்காரு.

கம்பூன்றி

பாட்டில் காசு இருவது ரூவா திரும்ப வாங்குனீங்களாங்க?

நைட்ஷிஃப்ட்_சரவணம்பட்டி

ஐயோ.